கழித்த பிறகும் மிஞ்சுவது: டெரெக் ஜீட்டரின் ஆட்ட வாழ்வு

2014 பிப்ரவரியில், வரப்போகும் பருவமே தன் கடைசிப் பருவம் என்று டெரெக் ஜீட்டர் அறிவித்தார். நியூயார்க் யாங்கீஸ் என்ற ஒரே அணிக்கு இருபது பருவங்கள் ஆடியவர் அவர். அந்த அறிவிப்புக்குப் பின் அமெரிக்க பேஸ்பால் உலகம் இரண்டு கட்சியானது. ஊர் ஊராக எதிரணிகளே மைதானத்தில் பரிசு கொடுத்து அவரை வழியனுப்பின. விளம்பரங்களில் பெரிய மனிதர்கள் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்கள். எண்களை வைத்துப் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அளவுக்கு மீறிப் புகழப்பட்டவர், களத்தடுப்பில் வரலாற்றிலேயே மோசமானவர்களில் ஒருவர், நியூயார்க்கின் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரிந்தவர் என்றார்கள். அவரை யாங்கீஸின் தலைசிறந்தவர்களுள் வைக்கவே முடியாது என்று ஊடகவியலாளர் கீத் ஓல்பர்மன் அந்தச் செப்டம்பரில் தொலைக்காட்சியில் நீண்ட வழக்கொன்றை வைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, பேஸ்பாலின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பில் 397 பேரில் 396 பேர் ஜீட்டருக்கு வாக்களித்தார்கள். அப்போதும் சண்டை ஓயவில்லை.

அவரைக் காப்பாற்ற வந்த பலர் அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது என் எண்ணம். விமர்சகர்களின் முதன்மையான குற்றச்சாட்டு உண்மை. அதை மறுப்பவர்கள் வழக்கின் முதல் நாளே தோற்றுவிடுகிறார்கள். குற்றச்சாட்டை முழுதாக ஒப்புக்கொண்டு, அதற்குரிய அபராதத்தை முழுதாகக் கழித்து, மிச்சத்தை எடைபோட வேண்டும். விமர்சகர்கள் கொண்டுவந்த தராசிலேயே எடைபோடலாம். அப்படிச் செய்தாலும் ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர்களின் முதல் வரிசையில் ஜீட்டருக்கு இடம் இருக்கிறது.

மட்டையின் கணக்கு

ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர். வலக்கை மட்டையாளர்கள் தரையோடு அடிக்கும் பந்துகளில் பெரும்பங்கு அவர் பக்கம்தான் வரும். ஓடிப்போய் எடுத்து, உடம்பைத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். மட்டையாளர் முதல் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார் என்பதால் அரை நொடித் தாமதமும் விலை கொடுக்கவைக்கும். ஆகவே அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும் அணிகள் காலையும் கையையும் முதலில் பார்க்கும். மட்டை சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரின் பேட்டிங்கை நெடுங்காலம் நாம் அளந்ததும் இப்படித்தான். கீப்பரே முதல்தர பேட்ஸ்மேனாகவும் அமைந்துவிட்டால் அணிக்கு ஓர் ஆள் உபரி.

ஜீட்டர் அப்படி அமைந்தவர். 2,747 ஆட்டங்கள், 3,465 ஹிட்டுகள், அதாவது அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டிய அடிகள். மேஜர் லீக் வரலாற்றில் அதற்குமேல் அடித்தவர்கள் ஐந்தே பேர்: பீட் ரோஸ், டை காப், ஹாங்க் ஆரன், ஸ்டான் மியூசியல், டிரிஸ் ஸ்பீக்கர். இந்த ஐவரில் யாரும் ஷார்ட்ஸ்டாப்பில் வாழ்க்கை நடத்தியவர் இல்லை. பேட்டிங் சராசரி .310. மட்டை பிடிக்க வந்த ஆயிரம் முறையில் 377 முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். எட்டுப் பருவங்களில் 200 ஹிட்டுகளுக்கு மேல். 1996 முதல் 2012 வரை தொடர்ந்து பதினேழு பருவங்களில் 150 ஹிட்டுகளுக்குக் குறையவில்லை. அந்தத் தொடர்ச்சியில் அவருக்குச் சமமாக நிற்பவர் ஹாங்க் ஆரன். 1999இல் சராசரி .349, ஹோம் ரன் 24, ஹிட்டுகள் 219. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 38 வயதில், 216 ஹிட்டுகளோடு மேஜர் லீக் முழுவதற்கும் முதலாவதாக வந்தார்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. நீண்ட காலம் நின்றதால் சேர்ந்த எண்ணிக்கை அது, அதில் 2,595 வெறும் ஒற்றை பேஸ் ஹிட்டுகள், ஹோம் ரன் 260தான் என்கிறார்கள். பேஸை அடைவதையும் அடியின் வலிமையையும் சேர்த்து, மைதானத்துக்கும் காலத்துக்கும் சரிசெய்து, சராசரி ஆட்டக்காரரை 100 என்று வைக்கும் ஓர் அளவீடு இருக்கிறது. அதில் ஜீட்டரின் வாழ்நாள் எண் 115. முதல் பேஸில் நிற்பவருக்கு அது சாதாரணம். விமர்சகர்கள் அந்த எண்ணைக் காட்டி, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறார்கள்.

அந்த எண்ணை ஷார்ட்ஸ்டாப்புகளுக்கு நடுவே வைத்துப் படிக்க வேண்டும். அதே அளவீட்டில் கால் ரிப்கன் 112, ஆலன் டிரமல் 110, ஓஸி ஸ்மித் 87. பேரி லார்கின் 116, அதாவது ஜீட்டருக்கு ஒரு புள்ளி மேல். ஆனால் லார்கின் மட்டை பிடிக்க வந்தது சுமார் 9,000 முறை. ஜீட்டர் வந்தது 12,602 முறை. இடைவெளி 3,500 முறை. ஒரு முழுப் பருவத்தில் ஒருவர் 700 முறை வந்தாலே அதிகம். லார்கின் தந்த தரத்தை ஜீட்டர் அவரைவிட ஐந்து பருவங்கள் கூடுதலாகத் தந்திருக்கிறார். அந்த ஐந்து பருவங்களிலும் யாங்கீஸ் வேறு ஷார்ட்ஸ்டாப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. நீண்ட காலம் நிற்பதை ஒரு குறைபோலச் சொல்வது எனக்குப் புரியவில்லை. முழங்காலும் கணுக்காலும் முதலில் தேயும் இடம் அது. அங்கே 2,674 ஆட்டங்கள் நின்றிருக்கிறார். அவரைவிட அதிகம் நின்றவர் ஓமர் விஸ்கேல் ஒருவர்தான்.

கையுறையின் கணக்கு

கடினமான பக்கம் இது. 1993இல் கீழ்நிலை மைனர் லீகில் கிரீன்ஸ்பரோ அணிக்கு ஆடியபோது ஜீட்டர் ஒரே பருவத்தில் 56 பிழைகள் செய்தார். மேஜர் லீகுக்கு வந்தபின் பிழைகள் குறைந்தன. 2010இல் ஒரு முழுப் பருவத்துக்கும் ஆறே பிழைகள். அப்போது பயிற்சியாளர்களும் மேலாளர்களும் வாக்களித்துத் தந்த தங்கக் கையுறை விருது ஐந்து முறை அவருக்குக் கிடைத்தது: 2004, 2005, 2006, 2009, 2010.

ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருந்தது. கைக்கு எட்டிய பந்தை நழுவவிட்டால்தான் கணக்கில் பிழை என்று விழும். எட்டாத பந்து எதிரணியின் ஹிட்டாகப் போய்விடும். தடுப்பாளர் பெயரில் எதுவும் பதியாது. பக்கவாட்டில், குறிப்பாக இரண்டாம் பேஸ் பக்கம், ஜீட்டரின் முதல் அடி மெதுவானது. மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும் பந்துகள் அவரைக் கடந்து புல்வெளிக்குப் போயின. கைக்கு வந்ததைத் திருத்தமாக எடுத்தார். கைக்கு வந்தது குறைவு. வலப்பக்கம் ஓடி, காற்றில் எழும்பியபடியே முதல் பேஸுக்கு எறியும் அவருடைய புகழ்பெற்ற எறி கண்ணுக்கு விருந்து. விரைந்து போய்ச் சேர்ந்த ஒருவர் அதே பந்தைக் காலூன்றி எறிந்திருப்பார் என்ற விமர்சகர்களின் பதிலிலும் நியாயம் இருக்கிறது.

2006இல் ஜான் டெவன் வெளியிட்ட களத்தடுப்பு ஆய்வு நூலில், பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸ் ஜீட்டரையும் ஹூஸ்டன் அணியின் ஆடம் எவரெட்டையும் அருகருகே நிறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். எவரெட்டின் மட்டை பலவீனமானது, கையுறை அபாரம். காணொளியைப் பார்த்தும், வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டும் ஜேம்ஸ் சோதித்தார். எந்த வழியில் போனாலும் முடிவு ஜீட்டருக்கு எதிராகவே வந்தது. அதன்பின் வந்த நுணுக்கமான அளவீடுகளும் அதையே உறுதி செய்தன. சராசரி ஷார்ட்ஸ்டாப் ஒருவரோடு ஒப்பிட்டால், தன் கையுறையால் அவர் வாழ்நாளில் 200 ஓட்டங்களுக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது இன்றைய மதிப்பீடு. வேறு எந்த இடத்தில் நின்றவருக்கும் இவ்வளவு பெரிய கழித்தல் இல்லை.

இதை மறுக்க ரசிகர்கள் இரண்டு காட்சிகளைக் காட்டுவார்கள். 2001 அக்டோபர் 13, வழக்கமான பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில் ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டம். ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டிலும் தோற்றுவிட்ட யாங்கீஸ், மூன்றாவதில் 1-0 என்று முன்னணியில் இருக்கிறது. வலக்கோடியிலிருந்து வந்த எறி இடையில் வாங்க வேண்டியவர்களின் தலைக்கு மேலே போய்விட்டது. மைதானத்தின் குறுக்கே ஓடிவந்த ஜீட்டர் அதை எடுத்துப் பக்கவாட்டில் தட்டிவிட, யாங்கீஸ் கேட்சர் ஹோர்ஹே பொசாடா ஓக்லண்டின் ஜெரமி ஜியாம்பியை அவுட்டாக்கினார். யாங்கீஸ் அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்றது. மற்றொன்று 2004 ஜூலை 1, பாஸ்டனுக்கு எதிராக. ஓடியபடியே பந்தைப் பிடித்து, நிற்க முடியாமல் பார்வையாளர் இருக்கைகளுக்குள் விழுந்து, முகத்தில் காயத்தோடு எழுந்தார். இரண்டும் பெரிய ஆட்டங்கள். ஆனால் இருபது ஆண்டுகளில் கடந்துபோன ஆயிரக்கணக்கான தரைப் பந்துகளுக்கு இரண்டு காட்சிகள் ஈடாகாது. விருதுகளும் சாட்சியாகாது. 1999இல் முதல் பேஸில் 28 ஆட்டங்களே நின்ற ரஃபேல் பால்மெய்ரோவுக்கு அதே இடத்துக்கான தங்கக் கையுறையைக் கொடுத்த வாக்குமுறை அது. ஜீட்டரின் ஐந்து தங்கக் கையுறைகளையும் இந்த எடையிலிருந்து எடுத்துவிடலாம். ஏதேனும் ஒரு பருவம் விதிவிலக்காக இருந்திருக்கலாம். 2009இல் அவருடைய தடுப்பு முன்பைவிடத் தெளிவாகத் தேறியிருந்தது. அதனால் மொத்தக் கணக்கு மாறாது.

கூட்டிக் கழித்தால்

குறை இருக்கிறது என்று நிறுவியதோடு பல விமர்சகர்கள் நின்றுவிடுகிறார்கள். அதன் விலை என்ன, விலையைக் கொடுத்தபின் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. அவர்களே நம்பும் அளவீட்டில் அதற்கு விடை இருக்கிறது. எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரர் ஆடியிருந்தால் வந்திருக்கக்கூடிய வெற்றிகளைவிட, ஒருவர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூட்டினார் என்று சொல்லும் கணக்கு அது. மட்டை, ஓட்டம், கையுறை, நிற்கும் இடத்தின் கடினம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஏறத்தாழ பத்து ஓட்டங்கள் ஒரு வெற்றிக்குச் சமம். ஆகவே ஜீட்டரின் கையுறைக்கான அபராதம் இருபது வெற்றிகளுக்கு மேல். அதை ஒரு காசு விடாமல் கழித்தபின், பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் அவருக்கு மிஞ்சுவது சுமார் 71.

அந்த 71இன் பொருளைப் பக்கத்தில் நிற்பவர்களைக் கொண்டு அறியலாம். ஹோனஸ் வாக்னர் 130, அலெக்ஸ் ராட்ரிகஸ் 117, கால் ரிப்கன் 95 என்று எட்டாத உயரத்தில் மூவர். அவர்களுக்குக் கீழே ஓஸி ஸ்மித், ராபின் யவுண்ட் போன்றோர் 77ஐ ஒட்டி நிற்கிறார்கள். டிரமலும் லார்கினும் ஜீட்டரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில். பதின்மூன்று தங்கக் கையுறைகள் பெற்ற ஓஸி ஸ்மித்தின் தடுப்பு வரலாற்றின் ஓர் எல்லை என்றால் ஜீட்டரின் தடுப்பு மறு எல்லை. ஆனாலும் மொத்த எடையில் இருவருக்கும் இடையே ஆறு வெற்றிகளே வித்தியாசம். அந்த இடைவெளியை அவ்வளவு குறுக்கியது ஜீட்டரின் மட்டை.

அபராதம் எதனோடு ஒப்பிட்டு விதிக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அது மற்ற ஷார்ட்ஸ்டாப்புகளோடு ஒப்பிட்டது. அவர்கள் மைதானத்தின் மிகத் திறமையான தடுப்பாளர்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்கூட இடக்கோடியில் நிற்கும் பலரைவிடக் கடினமான வேலையைச் செய்கிறவர். நிற்கும் இடத்தின் கடினத்தையும் சேர்த்துத் தடுப்பை மட்டும் மதிப்பிட்டால், ஜீட்டரின் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வரலாற்றிலேயே மோசமான தடுப்பாளர் என்ற தலைப்புச் செய்தியில் இந்த விவரம் இடம்பெறுவதே இல்லை.

அக்டோபர்

மேலே சொன்ன 71 வெற்றிகளில், அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூடச் சேரவில்லை. அந்தக் கணக்கு வழக்கமான பருவத்துக்கு உரியது. ஜீட்டர் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் 158. வழக்கமான பருவம் ஒன்றுக்கு 162 ஆட்டங்கள் என்பதால், ஏறக்குறைய ஒரு முழுப் பருவம் தராசில் ஏறாமலே வெளியே கிடக்கிறது.

இந்த இடத்தில் அவருடைய ரசிகர்களோடும் நான் உடன்படவில்லை. நெருக்கடி வந்தால் வேறொரு மனிதராக எழுந்து நிற்பார் என்று அவர்கள் ஒரு புராணம் கட்டினார்கள். 2001இன் இறுதித் தொடரான உலகத் தொடரில், நவம்பர் பிறந்த சில நிமிடங்களில், எதிரணிப் பிட்சர் பியுங்-ஹியுன் கிம்மின் பந்தை ஹோம் ரன்னாக்கி அவர் ஆட்டத்தை முடித்தார். நவம்பரின் நாயகன் என்ற பட்டம் வந்தது. அதே தொடரில் 27 முறை அடிக்க முயன்று நான்கு ஹிட்டுகளே எடுத்தார், சராசரி .148. யாங்கீஸ் அந்தத் தொடரை இழந்தது. மாறாக, 2000 உலகத் தொடரில் மெட்ஸுக்கு எதிராக .409 அடித்துத் தொடர் நாயகன் ஆனார். அதே ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்திலும் நாயகன் விருது பெற்றிருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2006இல் டெட்ராயிட்டுக்கு எதிராக 16 முயற்சிகளில் 8 ஹிட்டுகள். மற்ற எல்லோரையும்போல அவருக்கும் நல்ல வாரமும் கெட்ட வாரமும் வந்து போயின.

எல்லா வாரங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் தெரிவது மாயம் இல்லாத ஓர் உண்மை. வழக்கமான பருவங்களில் சராசரி .310, பேஸை அடைந்த விகிதம் .377, அடியின் வலிமை .440. பிளேஆஃப்களில் .308, .374, .465. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே மனிதர்தான் தெரிகிறார். அக்டோபரில் பலவீனமான அணிகள் வீட்டுக்குப் போயிருக்கும். எதிரணி தன் ஐந்தாவது பிட்சரைப் பெரும்பாலும் களத்தில் இறக்காது. முதல்தரப் பிட்சர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பும். எதிரி உயர்ந்தபின்னும் எண்கள் இறங்கவில்லை என்றால், ஆட்டம் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்பதே பொருள். அதுவும் ஒரு வாரமோ ஒரு தொடரோ அல்ல. 200 ஹிட்டுகள், 20 ஹோம் ரன்கள் எடுக்கும் அளவுக்கு நீண்ட காலம். சின்ன மாதிரி, எதிர்பாராத அதிர்ஷ்டம் என்ற புள்ளியியல் எச்சரிக்கை 158 ஆட்டங்களுக்குப் பின் பெரும்பாலும் வலுவிழக்கிறது.

இத்தனை ஆட்டங்கள் ஆடும் வாய்ப்பைத் தந்தது யாங்கீஸ் என்பது சரி. டிரமலுக்கும் லார்கினுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. வாய்ப்புக்கான பெருமை அணிக்குப் போகட்டும். கிடைத்த வாய்ப்பில் செய்தது அவருடையது. இந்த ஒரு பருவத்தைச் சேர்த்தால் 71இல் நிற்பவர் ஓரிரு படி மேலே ஏறுகிறார்.

நகரமும் பணமும்

யாங்கீஸின் பணமும் நியூயார்க்கின் ஊடகமும் அவரை உருவாக்கின என்ற குற்றச்சாட்டில் ஒரு பாதி சரி. கேன்சஸ் சிட்டி போன்ற சிறிய ஊரில் இதே எண்களோடு ஓய்வுபெற்றிருந்தால் வழியனுப்பு விழா இந்த அளவுக்கு நடந்திருக்காது. அவருடைய ஐந்து கோப்பைகளையும், 1996, 1998, 1999, 2000, 2009, தனிமனிதச் சாதனையாக எண்ணுவதும் தவறு. இருபத்தைந்து பேர் வென்றதை ஒருவர் பெயரில் எழுதக் கூடாது. நான் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பணம்தான் எல்லாம் செய்தது என்ற மறுபாதி நிற்காது. தொண்ணூறுகளின் கோப்பைகளுக்கு அடித்தளமாக இருந்த பெர்னி வில்லியம்ஸ், ஆண்டி பெட்டிட், மரியானோ ரிவேரா, பொசாடா, ஜீட்டர் எல்லோரும் யாங்கீஸ் தன் மைனர் லீக் அணிகளில் வளர்த்தெடுத்தவர்கள். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1992 தேர்வில் ஜீட்டரை ஆறாவதாக எடுத்தார்கள். அவருக்கு முன் ஐந்து அணிகள் அவரை விட்டுவிட்டன. விலைகொடுத்து நட்சத்திரங்களை வாங்கிக் குவித்த 2001 முதல் 2008 வரை யாங்கீஸுக்கு ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. பணம் தொடர்ந்து இருந்தது, வெற்றி தொடரவில்லை.

மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்கிறார்கள். 2006இல் ஜஸ்டின் மோர்னோவிடம் 14 புள்ளிகளில் இழந்தார். 1998இலும் 2009இலும் மூன்றாவது. ஓர் ஆண்டின் உச்சியில் நின்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பதினேழு ஆண்டுகள் உச்சிக்குப் பக்கத்திலேயே நின்றவர் என்று சொல்லலாம். தங்கக் கையுறை வாக்கைத் தள்ளிவிட்டு இந்த வாக்கை மட்டும் வேதமாக எடுத்துக்கொள்வதும் முறையல்ல.

தலைவரின் பொறுப்பு

தடுப்பைக் காட்டிலும் என்னை அதிகம் யோசிக்க வைக்கும் குற்றச்சாட்டு வேறு. ஜீட்டர் 2003 முதல் அணியின் தலைவர். 2004 தொடக்கத்தில் அலெக்ஸ் ராட்ரிகஸ் யாங்கீஸுக்கு வந்தார். முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஷார்ட்ஸ்டாப்புக்கான தங்கக் கையுறை பெற்றவர், எல்லா அளவிலும் ஜீட்டரைவிடச் சிறந்த தடுப்பாளர். இடம் மாறியது ராட்ரிகஸ். அவர் மூன்றாம் பேஸுக்குப் போனார், ஜீட்டர் இருந்த இடத்திலேயே இருந்தார். ரிப்கன் 1997இல் மூன்றாம் பேஸுக்கு மாறினார். யவுண்ட் வெளிக்களத்துக்குப் போனார், எர்னி பேங்க்ஸ் முதல் பேஸுக்குப் போனார். இவர்கள் எல்லோரும் பெரிய ஷார்ட்ஸ்டாப்புகள். ஜீட்டர் மட்டும் வழக்கமான பருவத்தில் வேறெந்தத் தடுப்பு இடத்திலும் ஓர் ஆட்டம்கூட நிற்கவில்லை.

அவர் பக்கம் சொல்லச் சில நியாயங்கள் உண்டு. அப்போது காலியாக இருந்தது மூன்றாம் பேஸ்தான். அங்கே நின்ற ஆரன் பூன் அந்த ஜனவரியில் முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார். மாற மாட்டேன் என்று ஜீட்டர் அணியை மிரட்டியதாக எந்தப் பதிவும் இல்லை. யார் எங்கே நிற்பது என்பது நிர்வாகத்தின் முடிவு. மூன்றாம் பேஸிலிருந்தே ராட்ரிகஸ் 2005இலும் 2007இலும் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனதால், அந்தப் பக்கம் அணிக்கு நட்டமும் இல்லை. இத்தனையும் சொன்ன பிறகும் குற்றச்சாட்டு முழுதாக விழுந்துவிடவில்லை. கேட்காமலே இடத்தை விட்டுக்கொடுக்கும் நிலையில் இருந்தவர் தலைவர் ஒருவரே. அவர் முன்வந்திருந்தால் யாங்கீஸ் ஆண்டுதோறும் சில ஓட்டங்களை மிச்சப்படுத்தியிருக்கும். அவர் முன்வரவில்லை. அவருடைய ஆட்ட வாழ்வில் நான் வைக்கும் உண்மையான கரும்புள்ளி இது.

2014 பருவமும் அப்படித்தான். 2012 அக்டோபரில் டெட்ராயிட்டுக்கு எதிராக ஆடும்போது கணுக்கால் உடைந்தது, 2013இல் 17 ஆட்டங்களே ஆடினார், கடைசிப் பருவத்தில் சராசரி .256. அப்படியிருந்தும் மேலாளர் ஜோ ஜிரார்டி அவரைப் பெரும்பாலும் இரண்டாவதாகவே மட்டை பிடிக்க அனுப்பினார். யாங்கீஸ் 84 வெற்றிகளோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. இதில் விமர்சகர்கள் சொல்வது சரி. வரிசையில் அவரைக் கீழே இறக்கியிருக்க வேண்டும். ஆனால் நாற்பது வயதில் ஆடிய ஒரு பருவத்தின் தவறு அது, பாதி மேலாளருடையது. அந்த ஆண்டு ஊடகங்கள் செய்த ஆராதனையில் சலிப்படைந்த பலர், சலிப்பை முந்தைய பத்தொன்பது பருவங்கள் மீதும் இறக்கிவிட்டார்கள். விழாவின் மிகைக்கு ஆட்டக்காரரின் ஏட்டில் தண்டனை எழுதுவது நீதியாகாது.

தீர்ப்பு

ஜீட்டர் வரலாற்றின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் அல்ல. வாக்னருக்கும் ராட்ரிகஸுக்கும் ரிப்கனுக்கும் பின்னேதான் நிற்கிறார். பேப் ரூத், லூ கெரிக், மிக்கி மேன்டில், ஜோ டிமாஜியோ ஆடிய அணியில் அவர் தலைசிறந்த யாங்கியும் அல்ல. அந்த அளவில் ஓல்பர்மன் சொன்னதில் பொருளுண்டு. தங்கக் கையுறைகள் அவருக்குத் தகுதியில்லாமல் கிடைத்தவை. 2004இல் அவர் தானாக இடம் மாறியிருக்க வேண்டும். இந்த நான்கையும் அவருடைய ஆதரவாளர்கள் ஒப்புக்கொண்டால் அவர்களுடைய வழக்கு வலுக்குமே தவிர மெலியாது.

மிகையாகப் புகழப்பட்டவர் என்பதிலிருந்து மதிப்பில் குறைந்தவர் என்ற முடிவுக்குத் தாவும் விமர்சகர்களின் வழக்கு அந்தத் தாவலிலேயே உடைகிறது. அவர்கள் கொண்டுவந்த கணக்கு ஜீட்டரின் குறைக்கு முழு விலை போட்டு, வசூலித்துவிட்டு, அதன்பிறகும் ஷார்ட்ஸ்டாப்புகளில் முதல் பன்னிரண்டுக்குள் அவரை வைக்கிறது. அது எண்ணாமல் விட்ட 158 அக்டோபர் ஆட்டங்களை எண்ணினால், முதல் பத்துக்குள் ஓர் இடம் அவருக்கு உறுதி. அந்த வரிசையில் மட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால், அவ்வளவு காலம் அந்தத் தரத்தில் அடித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு வேலையின் ஒரு பாதியை வரலாற்றிலேயே மோசமாகச் செய்துவிட்டு முதல் பத்துக்குள் வருவதற்கு, மறுபாதியை எவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டும் என்பதை அவருடைய ரசிகர்களும் யோசிக்கவில்லை, விமர்சகர்களும் யோசிக்கவில்லை. 396 வாக்குகளும் சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தன.